செல்வி எடுத்த மறியல் காட்சி

மார்கழி, செவ்வாய் இரவு

அழிக்கச் சொன்னது செல்வியைக் காப்பாற்றவா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? எனக்கே தெரியவில்லை.

என் மாணவி அவள். கூட்டக் காட்சியில் நடிக்க ஆள் பிடிக்கக் காசில்லாமல், வடக்கனந்தல் பக்கம் நடந்த இட ஒதுக்கீட்டு மறியலுக்குள்ளேயே தன் குறும்படக் காட்சியை எடுத்துவிட்டாள். கேமரா என்னுடையது. பேருந்து மீது கல்லெறிந்தவர்களின் முகங்களும் பதிவாகிவிட்டன.

மாலையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். "இன்னா டீச்சரம்மா, அந்தப் பொண்ணு போலீசுக்கா படம் புடிச்சிக்கினு இருந்துச்சி? அழிக்கச் சொல்லுங்க. அதோட வூடு இங்கதான இருக்குது."

செல்வியை அழைத்தேன்.

"அந்தக் காட்சிதான் மேடம் படமே," என்றாள். பிறகு என் கண்ணெதிரே அழித்தாள்.

புதன்: கல்லெறிந்தவர்களே தாங்கள் எறிந்ததைத் தங்கள் கைப்பேசியில் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் போலீஸ் நான்கு பேரைப் பிடித்தது. மதியம், செல்விதான் காட்டிக்கொடுத்தாள் என்று ஊர்க்காரர்கள் அவள் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள்.