இடையில் நின்று கதைக்க ஒருவர்

அன்பின் அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அப்பாவின் இருமல் எப்படி?

நேற்று வேலையிடத்தில் சாப்பிடும்போது டிவியில் அமெரிக்கச் செய்தி போனது. வரவுசெலவுத் திட்டத்தில் இரண்டு கட்சிகளும் ஒத்துவராததால் அங்கே அரச அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கின்றனவாம். அதை நிறைவேற்ற, செனட் சபையில் ஆளும் கட்சியின் வாக்கு மட்டும் போதாது. மற்றக் கட்சியிலும் சிலர் சம்மதிக்க வேண்டும்.

"இடையில நிண்டு கதைக்க ஒருத்தரும் இல்லையோ?" என்று என்னோடு வேலை செய்யும் மெலிசா அக்காவைக் கேட்டேன்.

"முந்தி இருந்தவை. இப்ப மற்றப் பக்கம் சாய்ஞ்சால், சொந்தக் கட்சி ஆக்களே அடுத்த எலெக்சன்ல நிக்க விடாயினம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்களும் அப்பாவும் கோபித்து முகம் பார்க்காத நாட்களில், "அப்பாவிட்டைச் சொல்லு, சோறு போட்டாச்சு எண்டு." "அம்மாவிட்டைச் சொல்லு, பசிக்கேல்லை எண்டு." சின்ன வயதிலிருந்து இப்படித் தூது போவது என் வேலைதானே. இங்கே மல்வேர்னில் என் அறையில் தனியாகச் சோறு போட்டதும், இப்போதும் யாரிடமோ போய்ச் சொல்ல வேண்டும்போல இருக்கிறது.

மிளகாய்த்தூள் இடித்தால் கறிவேப்பிலை கொஞ்சம் கூடப் போட்டு அனுப்புங்கள். பஸ் வரப்போகிறது. இந்தக் கடிதத்தை அப்பாவின் மேசையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அம்மா. பக்கத்தில் இருந்து நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் இருவரின் மகள்,
யூஜினி