தோட்டம் என்று எழுதியது

மார்ச் 3, திங்கள்
நிலத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். குரோய்டனுக்கு அப்பால், இந்த நாட்டில் புதிதாக விவசாயம் தொடங்குகிறவர்களுக்கு மூன்று வருடத்துக்கு அரை ஏக்கர். மரிசோலும் அனுப்பியிருக்கிறாள். கொலம்பியாக்காரி, ஆஸ்பத்திரியில் என்னோடு கிளீனிங் வேலை. இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. மண்ணைப் பற்றி என்றால் மட்டும் பேச்சு நிற்காது.

வீட்டில் இவர் சிரிக்கிறார். "உமக்கென்ன விசரே? இந்தக் குளிருக்குள்ள தோட்டமோ?"

விசர்தான். மண் பைத்தியம்.

மார்ச் 9
பார்க்கில் புதிதாகக் கொத்திய பூப்பாத்தி. யாரும் பார்க்கவில்லை. ஒரு பிடி அள்ளி முகர்ந்தேன். ஆசை வெட்கமறியாது.

மார்ச் 21, வெள்ளி
இரண்டு பேருக்கும் இல்லையாம். விவசாய அனுபவம் போதாதாம். ஊரில் பதினொரு வருடம் வெங்காயமும் மிளகாயும் போட்டவளுக்கு!

மகள் பிறேமினி விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, ஏன் கார்டன் எண்டு எழுதினீங்கள்?"

"தோட்டம் எண்டா கார்டன்தானே?"

"இஞ்ச கார்டன் எண்டா வீட்டுக்குப் பின்னால ரோசாக்கண்டு. நீங்கள் செய்தது ஃபார்ம், அம்மா."

மார்ச் 22
மரிசோலும் கார்டன் என்றுதான் எழுதியிருக்கிறாள்! காய்கறி போடும் நிலத்துக்கு அவர்கள் பாஷையில் 'ஊவெர்த்தா'வாம். அவளுக்கும் வேறு சொல் தெரியவில்லை. வார்டு வாசலில் நின்று சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நானும்.

பிறேமினி இருவருக்கும் திருத்தி எழுதி, மறுபடி பார்க்கச் சொல்லி அனுப்பினாள்.

ஏப்ரல் 16
மறுபடி பார்த்தார்களாம். மிச்சம் ஒரே ஒரு துண்டுதான். மரிசோலுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவள் மாடும் வளர்த்தவள். எனக்கு அடுத்த வருடம் பார்க்கலாமாம். அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினேன். உள்ளே எரிந்தது. எனக்கு நானே ஏன் பொய் எழுத வேண்டும்? எரிந்தது.

ஏப்ரல் 20
உயிர்ப்பு ஞாயிறு. மரிசோல் மூன்று தரம் அழைத்தாள். எடுக்கவில்லை.

ஏப்ரல் 27
வீட்டுக்கே வந்துவிட்டாள். அரை ஏக்கர் தனியாக ஏலாது என்று, மேசையில் கையால் இரண்டாக வெட்டிக் காட்டினாள். பாதி எனக்காம். யோசிக்கிறேன் என்றேன். என்ன திமிர் எனக்கு! அவள் தெருமுனை தாண்டுமுன் செருப்பில்லாமல் ஓடிப்போய் ஓம், சரி என்றேன்.

ஜூன் 1, ஞாயிறு
நிலத்து வாசல் பலகையில் அவள் பெயர் மட்டும்தான். பார்க்கும்போதெல்லாம் ஏக்கமாக இருக்கிறது. ஆனால் என் பாதியில் வெங்காயம் முளைத்துவிட்டது.

நேற்று முழுவதும் களை பிடுங்கினேன். எவ்வளவு தேய்த்தும் நகத்துக்குள் மண் போகவில்லை. தேவாலயத்துக்குப் பூசைக்குப் போகும்போது இவர் பார்த்துவிட்டார்.

"உந்தக் கையோடயே நன்மை எடுக்கப்போறீர்?"

"ஓம்."

நன்மை அப்பம் தரும் சுவாமியாருக்கு முன்னால் இரண்டு கைகளையும் நன்றாக விரித்து நீட்டினேன்.