பாத்திக்குப் போகும் தண்ணீர்

ரத்தினம் அப்பாவுக்கு,

என் தங்கச்சிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டதாம். நம்ம ரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு கணியம்பாடிக்குப் போகிறேன். களியும் கருவாட்டுக் குழம்பும் உறியில் இருக்கின்றன.

வெங்காயத் தாள் மறுபடியும் நுனி கருகிவிட்டது. நான் தண்ணீர் ஊற்றுவதில்லை என்று நேற்று அந்தக் கத்து கத்தினீர்கள். இன்று பக்கத்து வீட்டுச் செண்பகம் வந்து பார்த்தாள். "மண்ணு வெள்ளையா பூத்திருக்கு பாரு. உங்க வூட்டுக்காரரு தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியில நின்னுட்டு வந்து இங்கதான குளிக்கறாரு? அந்தத் தண்ணிதான்" என்றாள். குளிக்கிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று நாம்தானே அதைப் பாத்திக்குத் திருப்பினோம். வேறு பக்கம் விடவும் இடமில்லை, சுற்றிலும் அடுத்த வீட்டுச் சுவர்.

இனிமேல் தெருக் கிணற்றடியில் குளித்துவிட்டு வாருங்கள்.

சவுரியம்மாள்

எழுதி முடித்த பிறகு மனசு கேட்கவில்லை. கிணற்றடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு உங்களைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். நானும் அதையேதான் மேலே எழுதியிருக்கிறேன். வேண்டாம், வீட்டிலேயே குளியுங்கள். வெங்காயம் போனால் போகிறது. வெந்நீர் அடுப்பிலேயே இருக்கிறது, விறகை உள்ளே தள்ளினால் போதும்.