ஏழு தந்தையரும் நான்கு தாய்மாரும்

அத்-பாஷி, டிசம்பர் 3

அன்பு மகள் சைக்கலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மாடும் அல்லாஹ்வின் காவலில் நலம், மாஸ்கோ பனியில் நீயும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் கையேந்துகிறேன். வைக்கோல் மார்ச் வரை வரும், கணக்குப் பார்த்துவிட்டேன். மாஸ்கோ வரும் டிரைவர் தலான்ட் கையில் காய்ந்த தயிர் உருண்டையும் கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன், உருண்டையைத் தையல் கூடத்தில் எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே.

போனில் நீ சொன்னது காதிலேயே நிற்கிறது. நாலு வயசுல விட்டுட்டுப் போன அப்பா பேர நான் எதுக்கும்மா சுமக்கணும், அடுத்த மாசம் ரஷ்யக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்து இங்கயே பேர மாத்திக்கிறேன், நம்ம நாட்டுச் சட்டப் புத்தகம் கோடையில ஒண்ணு சொல்லுது குளிருல ஒண்ணு சொல்லுது என்றாய். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கோடையில் வயது வந்தவர்கள் தந்தை பெயருக்குப் பதில் தாய் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு வந்ததும் அவசரப்பட்டது நான்தான். போர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்துத் தெருவெல்லாம் கொடுத்தேன். குளிர்காலத்துக்குள் அதே நீதிமன்றத்தில் அதை மறுபடி எடுத்து மாற்றிவிட்டார்கள். பக்கத்து வீட்டு தாமிரா, ஜூரா, போர்சோக்க மட்டும் திருப்பிக் கேட்டுராதடி, எப்பவோ தின்னு தீர்த்துட்டோம் என்கிறாள். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் தூக்கிப்போட்ட பழைய அரசியலமைப்புப் புத்தகங்களை நான் எடுத்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். தொண்ணூற்று மூன்றில் வந்தது, இரண்டாயிரத்துப் பத்தில் வந்தது, இருபத்தொன்றில் வந்தது, மூன்றையும் விரித்து வரிக்கு வரி வைத்துப் பார்த்தேன். இப்போதைய புத்தகத்தில் ஓரிடத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று இருக்கிறது, இன்னோரிடத்தில் மக்களின் வழக்கத்தையும் ஒழுக்கத்தையும் அரசு காக்கும் என்று இருக்கிறது. கோடைக்கும் குளிருக்கும் நடுவில் அந்தப் பக்கங்களில் ஓர் எழுத்துகூட மாறவில்லை மகளே. விருந்தில் ஆடு அறுத்தால் வயதுப்படி எந்த எலும்பு யாருக்கு என்று வழக்கம் இருக்கிறதல்லவா, ஆனால் சம வயதில் இருவர் உட்கார்ந்துவிட்டால் தட்டு வைப்பவன்தானே யார் முன் முதலில் வைப்பது என்று முடிவு செய்கிறான். நீதிபதிகள் வேலையும் அதுதான் என்று எனக்குப் படுகிறது. முதலில் சமத்துவத்தின் முன் வைத்தார்கள், பிறகு வழக்கத்தின் முன் நகர்த்தினார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒருமுறை நகர்ந்த தட்டு இன்னொரு முறையும் நகரும், அப்போது கேட்பதற்கு நீ இந்தப் பந்தியில் இருக்க வேண்டாமா? கோபத்தில் எழுந்து போனவர்களுக்கு எந்த எலும்பும் இல்லை.

மார்க்கத்தில் தப்பாகிவிடுமோ என்று இமாமிடமும் போனேன். தகப்பன் பேரச் சொல்லியே கூப்பிடுங்கன்னு வேதத்துல இருக்கு ஜூரா என்றார். ஈசா நபிய மர்யமின் மகன்னுதானே அதே வேதம் கூப்பிடுது என்றேன். அவருக்குத் தகப்பன் இல்லையேம்மா என்றார். இவளுக்கு மட்டும் எங்க இருந்தான் என்று கேட்டுவிட்டேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, தேநீர் ஆறுது, குடி என்றார். வீட்டுக்கு வந்து இரண்டு ரக்அத் தொழுது மன்னிப்புக் கேட்டேன், கேள்விக்காக அல்ல, கேட்ட தொனிக்காக.

உன் அப்பா போன பிறகும் அவர் வழியின் ஏழு தலைமுறைத் தந்தையர் பெயரையும் நான்தான் உனக்கு மனப்பாடம் செய்வித்தேன், அதில் எனக்கு வருத்தமில்லை, அவரை விட்டால் மீதி ஆறு கிழவர்கள் உனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்? ஆனால் என் வழியை ஒருநாளும் சொல்லித் தரவில்லை, எனக்கே தோன்றவில்லை. இந்த மாதம் ஊரெல்லாம் விசாரித்து எழுதினேன். நான், என் அம்மா சைரா, அவர் அம்மா கலிபா, அவர் அம்மா பூபூஷ். அதற்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை, கல்லறைக் கல்லில்கூட இன்னாரின் மனைவி என்றுதான் இருக்கிறது. மூன்று வரி காலியாக விட்டிருக்கிறேன். கணக்கில் காலி இடம் விடுவது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் பொய் எழுத மாட்டேன். அந்தத் தாள் காலுறைக்குள் இருக்கிறது.

அதை வாய்விட்டுப் படித்த பிறகு விண்ணப்பத்தைப் பற்றி முடிவு செய். எது செய்தாலும் நீ என் மகள். அல்லாஹ் உன் கண்ணையும் விரலையும் காக்கட்டும், ஊசியில் கவனம். அதிகாலை ஃபஜ்ர் தொழுகையைத் தவறவிடாதே, ஈரக் காலணியோடு நிற்காதே.

இப்படிக்கு,
பூபூஷின் மகள் கலிபா, கலிபாவின் மகள் சைரா, சைராவின் மகள்
ஜூரா, உன் அம்மா