தூங்கப் போன முடி

குரங்கணி
18.10.2024

அன்புப் பேத்தி சுகன்யாவுக்கு அப்பத்தா எழுதுவது.

உனக்கு அடிபட்ட அன்று ஏலக்காய் ஸ்டோரில் இருந்தவர்கள்: உன் அப்பன் கன்னையன், சூப்பர்வைசர் வீரையா, மூட்டை தைக்கும் பொற்கொடி, என் தங்கை ராக்கு, நான், நீ. ஒருத்தரையும் மறக்கவில்லை. காய் தேய்க்கும் புது மெஷினுக்குப் பூசை. சக்கரத்தில் சந்தனம் பூச உன் அப்பன் பெல்ட்டு மூடியைக் கழற்றினான், திரும்ப மாட்டவில்லை. "சாமி காரியத்துக்குத் தலத்துணி எதுக்குடி? முடிய விரிச்சுப் பூ வையி" என்று உன்னிடம் சொன்னாள் ராக்கு. நீயும் துணியை அவிழ்த்தாய். வீரையா சுவிட்சைப் போட்டான். நீ எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தாய்.

அன்றைக்கே உன் அப்பனிடம் வாசல் மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். ஸ்டோரிலேயே படுத்துக்கொள்கிறான். இப்போது உனக்கு மிச்ச முடியும் கொத்தாக விழுகிறதென்று உன் அத்தை சொன்னாள். போனில் கேட்டால் அழுகை முந்தும். எழுது ஆத்தா.

ஜக்கம்மாள்

மதுரை
27.10.2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

டாக்டரம்மாவிடம் கேட்டேன். என் தலையில் முடி இரண்டு விதமாகப் போயிருக்கிறது. காதுக்கு மேலே பெல்ட்டு இழுத்த இடத்தில் தோலோடு வேரும் போய்விட்டது. தொடைத் தோலை எடுத்துத் தைத்த அந்த உள்ளங்கை அகலத்தில் இனி முளைக்காது. மற்றது வேறு. அடிபட்ட அதிர்ச்சியில் அந்த முடியெல்லாம் தூங்கப் போய்விட்டதாம்; இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டுமாம். பெருங்காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் பிறகு கொட்டுவதும் இதே வகைதான். வேர் உயிரோடு இருப்பதால் தானே வரும்.

அப்பா வாராவாரம் வந்து அத்தை வீட்டுக் கேட்டிலேயே நின்று பார்த்துவிட்டுப் போகிறார். நீ அவரை வீட்டுக்குள் விடாதவரை நானும் வர மாட்டேன்.

சுகன்யா

குரங்கணி
9.2.2025

கண்ணு சுகன்யா,

போன வாரம் ரயிலேறி வந்து உன் தலையைத் தடவிய கையை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏலச்செடித் தூரில் புதுச் சிம்பு முளைத்து வெடிப்பதை ஆயுசெல்லாம் பார்த்தவள் நான். ஆனால் இது மனுசத் தலை. யாரும் தண்ணீர் விடவில்லை, உரம் வைக்கவில்லை. நெற்றியோரமெல்லாம் பூனைக்குட்டி முதுகு போல மெத்தென்று புதுமுடி. முளைக்காத இடத்தையும் தொட்டேன். தொடையில் இருந்த தோல் தலையில் குடியேறி, அதுவும் சூடாக இருக்கிறது. இதையெல்லாம் உடம்புக்குள் இருந்துகொண்டு யார் செய்கிறார்கள்? "என்ன அப்பத்தா, பேன் பாக்கிறியா?" என்று நீ சிரித்தாய்.

பிடிவாதத்தில் நீ ஜெயித்துவிட்டாய். நேற்று நானே ஸ்டோருக்குப் போனேன். "ஏலே கன்னையா, சோறு ஆறுது, வா" என்றேன். தலை நிமிராமல் சாப்பிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு கொண்டு வருவான். வெரசா கிளம்பு. தலையில் துணி கட்டியோ கட்டாமலோ வா, உன் இஷ்டம்.

வீரையாவையும் மன்னித்துவிட்டேன். அவனும் உன் அப்பனும் தெரியாமல் செய்தவர்கள்.

அப்பத்தா ஜக்கம்மாள்

இன்னொன்று. நீ ரத்தத்தோடு கிடந்தபோது ஜீப்பில் உன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே இவள எவன் கட்டுவான்" என்று உன் காதில் விழவே சொன்னவள் ஒருத்தி உண்டு. என் கூடப் பிறந்தவள்தான். என் கட்டை வேகும்வரை மன்னிக்க மாட்டேன், ராக்குவை.