பதினொரு வயதுக்கான நாவல்கள்

பய்யன்னூர்
ஏப்ரல் 21

அன்புள்ள பிரேமஜாவுக்கு,

லஸிதா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டேன். அடுத்த வரிதான் வரமாட்டேன் என்கிறது. நீ சுகமா என்று உன்னிடம் எப்படிக் கேட்பேன்? கேட்காமல்தான் எப்படி இருப்பேன்? போன் செய்தால் ரஜீஷேட்டன் எடுத்து, "அவ தூங்கறா லஸிதா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் நீங்கள் எடுத்திருக்கும் அறையின் விலாசத்துக்கு எழுதுகிறேன். அவர் பிரித்துப் படித்தாலும் சரி. படிக்கட்டும்.

முதலில் உன் மகள். தன்மயா நன்றாகச் சாப்பிடுகிறாள். வனஜேச்சி தன் தம்பி ரஜீஷேட்டனின் பெண் என்று பார்க்காமல் தன் பெண்ணாகவே பார்த்துக்கொள்கிறார், அதில் குறை சொல்ல முடியாது. காலையில் குளத்தில் நீச்சல், மத்தியானம் மாமரத்தடி. கைகால் நீண்டுவிட்டது. நீ போவதற்கு முன் தைத்துக் கொடுத்த பச்சைப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஆனாலும் அதைத்தான் போட்டுக்கொள்கிறாள்.

அடுத்து என் சங்கதி. கோடை விடுமுறைக்கு, பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள பிள்ளைகளுக்குப் புதிய நாவல்களாகப் பன்னிரண்டு எடுத்துப் பட்டியல் போடும் வேலையை வாசகசாலைக் கமிட்டி என் தலையில் கட்டியது. அந்த வயது பெரிய தொல்லை, பிரேமஜா. படக்கதையை நீட்டினால் "நான் என்ன குழந்தையா?" என்று முறைக்கிறார்கள். நாம் படிக்கும் நாவலைக் கொடுத்தால் நாலாம் பக்கத்தில் தூங்கிவிடுகிறார்கள். கடந்த இரண்டு வருஷத்தில் வந்ததில் முப்பத்தொன்றைப் படித்தேன். பாதிக்கு மேல் கதை மாதிரி வேஷம் போட்ட உபதேசம். கவ்வாய்க் காயலில் காணாமல் போன ஒரு தோணியைத் தேடும் மூன்று பெண் பிள்ளைகளின் கதை ஒன்று உண்டு. அதைக் கொண்டுபோன வீடுகளில் பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை. அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பந்தாட்டக் கதை ஒன்று, அதில் கோல்கீப்பருக்குக் கண் சரியாகத் தெரியாது. கமிட்டியில் பவித்ரன் மாஷ், வாத்தியார் புத்தியில், ஒவ்வொரு நாவலுக்கும் நேராக "இதிலிருந்து கற்கும் நற்பண்பு" என்று ஒரு கட்டம் போடச் சொன்னார். இரட்டைப் பையன்கள் வைக்கோல் போரைக் கொளுத்திவிடும் நாவலுக்கு நேராக "தீயணைப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். மாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான்.

இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பட்டியலில் ஏழாவதாக ஒரு நாவல் இருக்கிறது. அட்டையில் ஏலக்காய்ச் செடி. பிள்ளைகள் அதை ஏலக்காய்ப் புத்தகம் என்கிறார்கள். இடுக்கி மலையில் ஒரு பெண். அவள் அப்பா கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போயிருப்பதாக வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அவரோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஜனவரியில் அதைப் படித்துப் பட்டியலில் சேர்த்தேன். அப்போது உனக்கு இப்படியென்று எனக்குத் தெரியாது. சத்தியம். ஆனால் போன திங்கட்கிழமை தெரியும். வனஜேச்சி வீட்டுத் திண்ணையில் நான் பையைக் கவிழ்த்தேன். தன்மயா எல்லாவற்றையும் புரட்டிவிட்டு ஏலக்காய்ப் புத்தகத்தில் கை வைத்தாள். "அது வேணாம், இந்தத் தோணிக் கதையை எடுத்துக்கோ" என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். நான் சொல்லவில்லை. மறந்து போய்ச் சொல்லாமல் விட்டதல்ல.

இரண்டே நாளில் முடித்துவிட்டாள். புதன்கிழமை நான் கேட்டைத் திறக்கும் முன்பே வழியில் வந்து நின்றாள். "சேச்சி, இந்தக் கதையில எம்பதாவது பக்கம் வரைக்கும் எல்லாரும் அவகிட்ட பொய் சொல்றாங்க. நெஜத்துலன்னா எவ்ளோ நாள் சொல்லுவாங்க?" என்றாள். பதினெட்டு வருஷமாக வீடு வீடாகப் புத்தகம் சுமக்கிறவள் நான். எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்றைக்கு, "அடுத்து எந்தப் புத்தகம் வேணும்?" என்று கேட்டேன். அவள் ஒன்றும் வேண்டாம் என்று உள்ளே போய்விட்டாள்.

வனஜேச்சி மறுநாளே புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிட்டு நடுத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் லஸிதா, பிள்ளைங்களுக்கு ராஜா ராணி கதையே கெடைக்கலையா ஒனக்கு? ஆஸ்பத்திரி வாடையைப் பையில போட்டு வீடு வீடாக் கொண்டாந்து வைக்கறியே!" என்றார். கமிட்டிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

நீ பிப்ரவரியில் பேங்க் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ பரீட்சை முடியட்டும், நானே சொல்றேன்" என்றாய். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன். பேங்க் டிரெய்னிங்குக்குத் திருவனந்தபுரம் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனாய். பரீட்சை முடிந்து மாதமாகப் போகிறது. நீ சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். நான் செய்ததற்கு என்னை எப்போது வேண்டுமானாலும் திட்டிக்கொள், அவளிடம் முதலில் பேசு.

உன் மனம் திடமாக இருக்கவேண்டும் என்று வேண்டியபடி,
லஸிதா


பய்யன்னூர்
மே 3

பிரேமஜா,

உன் பதில் வரவில்லை. ரஜீஷேட்டனின் பதில் போனில் வந்தது. "எங்க வீட்டு விஷயத்துல மூக்கை நொழைக்க ஒனக்கு யாரு அதிகாரம் குடுத்தா? புத்தகம் குடுக்கற வேலைன்னா புத்தகத்தோட நிறுத்திக்கோ" என்றார். கடிதத்தை உன்னிடம் காட்டவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போதே இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். உனக்குப் பக்கத்தில் அழாமல் இருந்து இருந்து, கடைசியில் என்மேல் கத்துகிறார் என்று தோன்றியது. அதனால் போன கடிதத்தையும் திரும்ப எழுதி, இதோடு சேர்த்து நர்ஸ் மினிமோள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் லீவு முடிந்து உன் வார்டுக்குத்தான் திரும்புகிறாள். உன் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கூட்டத்தில் ஏலக்காய்ப் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பவித்ரன் மாஷ் மட்டும் கை தூக்கவில்லை. அது போகட்டும்.

நேற்று நடந்ததைக் கேள். உட்கார்ந்துகொண்டு படி.

மத்தியானம் மூன்று மணிக்கு வனஜேச்சி தலைவிரி கோலமாக ஓடி வந்தார். குளத்துக்குப் போன தன்மயாவைக் காணவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தவர் என் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒன்கிட்டதான் எதையாவது சொல்லியிருப்பா, எங்கடீ போனா அவ?" என்றார். எங்களுக்குக் குளம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. குளத்துப் படிக்கட்டில் பாவாடை இல்லை, செருப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பள்ளிக்கூடம், வாசகசாலை, பஸ் ஸ்டாண்ட் என்று ஸ்கூட்டரில் சுற்றினேன். கடைசியில் ரயில்வே ஸ்டேஷன். டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருவனந்தபுரத்துக்கு அரை டிக்கெட் கேட்டிருக்கிறாள். உள்ளே டிக்கெட் கொடுக்கும் அம்மா, கூட யார் என்று கேட்டுவிட்டு, அவளைப் பேச்சில் நிறுத்திவைத்து தின்ன ஒரு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த அம்மா நன்றாக இருக்கவேண்டும்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்தபடி கேட்டாள். "சேச்சி, எங்கம்மா இருக்காங்களா?"

எனக்குப் புரியவில்லை. திருவனந்தபுரத்தில்தானே இருக்கிறாள் என்றேன். "அது இல்ல. உயிரோட இருக்காங்களா? போன்ல பேசறது அம்மா கொரல் மாதிரி இல்ல. வீடியோல வரச் சொன்னா வரமாட்டேங்கறாங்க. வேற யாராச்சும் அம்மா மாதிரி பேசறாங்களோன்னு…" என்றாள்.

பிரேமஜா, ஏலக்காய்ப் புத்தகத்தில்கூட அப்படி ஒரு வரி இல்லை. அது அவளாக எழுதிக்கொண்டது. பதினொரு வயதுப் பிள்ளை இரண்டு வாரமாக அதை மனசில் வைத்துக்கொண்டு வனஜேச்சியிடம் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

நான் சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை அந்த பெஞ்சில் வைத்து உடைத்தேன். அம்மா இருக்கிறாள், அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, மருந்து ஏற்றுகிறார்கள், மருந்தால் முடி கொட்டிவிட்டது, குரல் மெலிந்துவிட்டது, அதனால்தான் முகம் காட்டவில்லை என்று எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. சரியாகாது என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. அவள் பையின் வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினாள். பிறகு "முடிதானே" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள். நானும் அழுதேன். ஒரு சரக்கு ரயில் போய் முடிகிற வரை அழுதோம்.

வெள்ளிக்கிழமைக்குப் பரசுராம் ரயிலில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். வனஜேச்சி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அந்தப் பச்சைப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாகத் தைத்துக்கொண்டிருக்கிறார். ரஜீஷேட்டனிடம் நீ சொல். தலையில் துணி கட்டிக்கொள்ள வேண்டாம். அவளுக்கு நிஜமாகவே உன்னைத்தான் பார்க்கவேண்டும்.

மன்னிப்பதை நேரில் வைத்துக்கொள்ளலாம். கதவை மட்டும் திறந்து வை.

லஸிதா


பய்யன்னூர்
மே 24

என் அன்பு பிரேமஜாவுக்கு,

தன்மயாவை உன்னிடம் விட்டுவிட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. பள்ளி திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதுவரை இருக்கட்டும். யூனிபாரம் அளவு என் கையில் உண்டு, தைக்கக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு அவள் உன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பவித்ரன் மாஷ் மாதிரியே இருக்கீங்கம்மா" என்றதும் நீ சிரித்தாயே, ரஜீஷேட்டன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நானும் போனேன். அவர் சுவரைப் பார்த்து நின்றபடி, "நாலு மாசமாச்சு லஸிதா, அவ சிரிச்சு" என்றார். என்னிடம் பேசியது அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மாஷிடம் இதைச் சொன்னேன். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "பிரேமஜாகிட்ட சொல்லு, எனக்குத்தான் இது நல்லா இருக்கும், அவ சீக்கிரம் வளத்துக்கணும்" என்றார். ஏலக்காய்ப் புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்த செய்தி பிள்ளைகளுக்குள் பரவி, இப்போது ஐந்து பேர் அதற்காகக் காத்திருக்கிறார்கள். கமிட்டிக்காரர்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். வனஜேச்சி இன்னும் என்னைக் கேட்டுக்குள் கூப்பிடுவதில்லை. மதிலுக்கு மேலேயே புத்தகத்தை வாங்கிக்கொள்கிறார். ஆனால் வாங்குகிறார்.

தன்மயா போனில் சொன்னாள், தோணிக் கதையை உனக்கு வாசித்துக் காட்டுகிறாளாம். மருந்து ஏறும்போது ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம். நீ நடுவில் கண் மூடினால் நிறுத்திவிட்டு, நீ விழித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாளாம். "அம்மா தூங்கினாக்கூட முடிவைத் தனியாப் படிக்க மாட்டேன் சேச்சி" என்றாள்.

இனி, நான் கிளம்பும்போது நீ கேட்டது. பிள்ளை தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாய். "பன்னெண்டு வயசுக்கு என்ன குடுக்கணும், பதிமூணுக்கு என்ன, பதினாலுக்கு, பதினஞ்சுக்கு என்னன்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுடீ. ஒவ்வொண்ணுலயும் நான் ரெண்டு வரி எழுதி வச்சிடறேன்" என்றாய். சரி என்று தலையாட்டிவிட்டு ரயிலேறினேன். கண்ணூர் வரும் வரை எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டு வயது என்று தலைப்புப் போட்டு மூன்று பெயர் எழுதினேன். பதிமூன்று என்று எழுதியதும் கை ஓடவில்லை. எழுந்து அரிசி களைந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். இப்படியே பதினான்கு நாள். என்னைத் தெரியும் உனக்கு, புத்தகத்தின் பெயர் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். இதைச் சொல்ல முடியவில்லை.

அதனால் இந்த வருஷத்துக்கு உரிய ஐந்து நாவல்களை மட்டும் கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். பதினொரு வயதுக்கு. மேலே இருப்பது செவன்ஸ் பந்தாட்டம். அதிலிருந்து தொடங்குங்கள், சிரிப்பு இருக்கிறது. முதல் பக்கங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். உனக்குத் தோன்றியதை எழுது.

பதினான்குக்கும் பதினைந்துக்கும் என்னைக் கேட்காதே, பிரேமஜா. அவளுக்குப் பதினான்கு ஆகும்போது அவள் எப்படி இருப்பாள், எதற்குச் சிரிப்பாள், எதற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கான அந்த நாவலை இன்னும் யாரும் எழுதவில்லை. எழுதி, அச்சாகி, நம் வாசகசாலைக்கு வரட்டும். வந்த கட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நீ வந்து பிரி. நீயே தேடி எடுத்து அவள் கையில் கொடு. எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
லஸிதா