‘சும்மா’ விற்பனைக்கு இல்லை

நேற்று படகின் பெரிய பாயை மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தேன். பையிலிருந்து உருவியதும் மூன்று வாசனைகள் ஒன்றாக வந்தன: ஈர உப்பு, டீசல், நெத்திலிக் கருவாடு. திருவொற்றியூரில் இந்த மூன்றும் தனித்தனியாக எல்லாத் தெருவிலும் கிடைக்கும். மூன்றும் சேர்ந்து வந்தால் அது நீ.

பக்கத்து மாடிக்காரம்மா எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, வூட்ல விசேஷமா? பந்தல் துணியா அது?” என்றார்.

“ஊருக்குப் போறேன், அதான்” என்றேன்.

அதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் உன் வருஷத் திதிக்கான பந்தல் என்று முடிவு செய்து, முகத்தை அதற்கேற்ப மாற்றிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

உன்னை ‘நீ’ என்றே எழுதுகிறேன். கரையில், உன் சொந்தக்காரர்கள் முன்னால், நான் ‘நீங்க’ என்பேன். படகில் ஏறினால் ‘நீ’. முதல் பயணத்திலேயே அப்படி ஆகிவிட்டது. காற்று திடீரென்று திரும்பும்போது, “கயிற்றை விடுங்கள்” என்று மரியாதையோடு சொல்லி முடிப்பதற்குள் பாய் கிழிந்துவிடும். மரியாதையா பாயா என்ற கேள்விக்கு நாம் பாயைத் தேர்ந்தெடுத்தோம். நீ இப்போது இருக்கும் இடத்தில் உன் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்.

அந்தப் படகு நம் கைக்கு வந்தபோது ஊர் அதை எப்படிப் பார்த்தது என்று நினைவிருக்கிறதா? யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் கைவிட்டுப் போன பாய்மரப் படகு. கப்பல் என்ஜின் அறைகளில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற நீ, வண்ணாரப்பேட்டை கிளை நூலகத்தில் மீதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற நான். பிள்ளைகள் இல்லாததால், நமக்குப் புத்தி சொல்லும் உரிமையைத் தெரு முழுவதும் சமமாகப் பகிர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் படகுக்கு அம்மன் பெயர் சொன்னார்கள். நீ ‘சும்மா’ என்று எழுதினாய். எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் படகின் பக்கவாட்டைக் காட்டிவிடலாம் என்றாய்.

துறைமுக அதிகாரியிடம் அதைக் காட்டியும் அவர் விடவில்லை.

“பாசஞ்சர் யாரு?”

“நாங்க ரெண்டு பேரு சார்.”

“வேலைக்காரங்க?”

“அதுவும் நாங்கதான் சார்.”

“சரக்கு?”

“கருவாடு சார். சொந்த உபயோகத்துக்கு.”

முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை என்பது அவர் பேனாவைக் கீழே வைத்த விதத்தில் தெரிந்தது.

அதைவிடப் பெரிய தடை காசிமேட்டில் இருந்தது. பெண் கால் வைத்த படகுக்கு மீன் விழாது என்பது உங்கள் குடும்பத்தின் அசையாத நம்பிக்கை. பெண்கள் மீனை ஏலம் எடுக்கலாம், சுமக்கலாம், விற்கலாம், அதில் வந்ததைக் கொண்டு படகுக்கு வலை வாங்கித் தரலாம். ஏற மட்டும் கூடாது. உன் தம்பி, சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவன், துறைமுகத்தில் எல்லோர் முன்னாலும் இதை எனக்கு நினைவூட்டினான். நீ ரொம்பப் பணிவாக, “நாங்க மீன் புடிக்கப் போவலியேடா. மீனு ஓடினா வழி விடும்” என்று சொல்லி எனக்குக் கை கொடுத்து ஏற்றினாய்.

அப்படித்தான் தீவுகளுக்குப் போனோம். அந்தமான், அதற்கப்பால் மலாய்க் கரை, சுமத்ரா. தை பிறந்து வாடை தளர்ந்ததும் கிளம்பி, புயல் காலத்துக்குமுன் எங்காவது ஒதுங்கி, ஆறு பருவங்கள். படத்தில் பார்ப்பவர்களுக்குத் தென்னை மரம், வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர். நடைமுறையில் அது துணி காயப்போட இடம் தேடும் வாழ்க்கை. நல்ல தண்ணீரை நெய் மாதிரி ஊற்றும் வாழ்க்கை. குளிர் நாடுகளிலிருந்து வெயிலைத் தேடிப் பாதி உலகம் கடந்து வந்த தம்பதிகள் நம் பக்கத்தில் நங்கூரம் போட்டிருப்பார்கள். அந்த வெயில் நமக்கு டோல்கேட் சிக்னலில் இலவசமாகக் கிடைத்தது என்று அவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை. மாலையில் ஒரே படகில் கூடி, வேலையிலிருந்து, வரியிலிருந்து, பனியிலிருந்து எப்படித் தப்பித்தார்கள் என்று பேசுவார்கள்.

“நாம எதுலேந்து தப்பிச்சோம்மே?” என்று கேட்டாய் என்னிடம்.

“மணலி காத்துலேந்து” என்றேன்.

அதை நீ அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாய். சிமென்ட், உரம், கச்சா எண்ணெய் என்று காற்றில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக விளக்கினாய். அவர்கள் நம்மை அகதிகளைப் பார்ப்பதுபோல் பார்த்து, ரொட்டி கொடுத்து அனுப்பினார்கள். பதிலுக்கு நாம் கருவாடு வறுத்தோம். விடிந்து பார்த்தால் காற்று போகும் பக்கத்தில் ஒரு படகுகூட இல்லை. அன்று முதல் நமக்கு எந்த விரிகுடாவிலும் இடப் பிரச்சினை வந்ததில்லை.

சுமத்ராவுக்கு அப்பால் இருந்த அந்தச் சின்னத் தீவை நான் அடிக்கடி நினைக்கிறேன். தீவின் மேற்குப் பக்கத்து விரிகுடாவில் நின்றிருந்தோம். ஒரு முற்பகலில் பெருமழை வந்து நங்கூரம் பிடி விட்டது. பாறையில் மோதாமலிருக்க அதைத் தூக்கிக்கொண்டு வெளிக்கடலுக்கு வந்தோம். படகின் முனைகூடத் தெரியாத மழை. மின்னலுக்குப் பயந்து கருவிகளை எல்லாம் அணைத்துவிட்டாய். மழை கொஞ்சம் இளகியதும் “கரைக்குப் போலாம்” என்று சுக்கானைத் திருப்பினாய். நான் திசைகாட்டியைக் குனிந்து பார்த்து, “மேற்கு. சரியா கீது” என்றேன்.

இருவருக்கும் எவ்வளவு நிம்மதி.

ராயபுரத்தில் பிறந்தவர்களுக்குக் கரை என்றால் மேற்கு. சூரியன் கடலில் எழுந்து ஊருக்குள் விழும். வேறு மாதிரியும் ஓர் ஊர் இருக்கலாம் என்று நம் வரைபடம் சொன்னது, உடம்பு நம்பவில்லை. மழை விலகியபோது எதிரே கரை இல்லை. ஆப்பிரிக்கா வரை எதுவுமே இல்லை. தீவு நமக்குப் பின்னால், கவிழ்த்துவைத்த கூடை அளவில் இருந்தது. நீ திரும்பிப் பார்க்காமல், ராயபுரம் தாமதமாக வரக்கூடும் என்பதுபோல் முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றாய்.

“இன்னாமே, காசிமேட்ட எவனோ தூக்கினு பூட்டானா?”

சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு பயம் வந்தது, பயத்துக்குப் பிறகு சட்டம் வந்தது. அன்றிலிருந்து படகைத் திருப்புவதற்கு முன் ஒருவர் “கரை எங்க?” என்று கேட்க வேண்டும். மற்றவர் வாயால் சொல்லக் கூடாது, கையை நீட்டிக் காட்ட வேண்டும். கை நீட்டாமல் சுக்கான் திரும்பாது. தெரிந்த இடத்திலும், வெயிலிலும், கரை கண்ணுக்கு முன்னால் இருக்கும்போதும் கேட்டோம். மற்ற படகுக்காரர்கள் இதை ஏதோ இந்து சமயச் சடங்கு என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

மருத்துவமனையிலும் நீ கேட்டாய். ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, “கரை எங்க?” என்றாய். எனக்குத் தெரியவில்லை. ஜன்னலைக் காட்டினேன்.

“அது கெயக்கு” என்றாய். “ஒயுங்கா பாத்து சொல்லு.”

நீ போன பிறகு ‘சும்மா’ காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு நடுவே கட்டிக் கிடந்தது. என்ஜின் பேசவில்லை. பாயும் வரைபடமும் சமையலும் என் பங்கு, என்ஜின் உன் பங்கு; அந்தப் பெட்டியைத் திறக்கவே நீ என்னை விட்டதில்லை. சித்திரையில் உன் தம்பி ஒருவரை அழைத்துவந்தான். மகாபலிபுரம் சாலையில் விடுதி வைத்திருப்பவர். படகை நீச்சல்குளத்துப் பக்கத்தில் புல்வெளியில் நிறுத்தி, உள்ளே மேசை போட்டு, ‘தீவு அனுபவம்’ என்று பெயர் வைத்து பிரியாணி பரிமாறுவாராம். என்னிடம், “மேடம், இது நெஜமாவே கடல்ல போன படகா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும், “நல்லது, கதை சொல்லிக்கலாம்” என்றார்.

உன் தம்பி என்னைத் தனியாக அழைத்துப் போனான்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காத. அண்ணன் கீறப்போ போன, சரி. இனிமே தனியா, பொம்பள, அதும்…”

அந்த ‘அதும்’ என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டான். அங்கே என்ன சொல் இருந்தது என்பது காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். நல்லவன், சொல்லவில்லை.

“நான் போவேன் தம்பி. தை பொறந்ததும் அந்தமானுக்கு.”

“இஞ்சினே எயுந்துக்கல. இன்னாத்த போவ? ஆவணில இவரு மறுபடி வருவாரு. அதுக்குள்ள நீ ஸ்டார்ட் பண்ணு, நான் வாய மூடிக்கிறேன். ஆவலன்னா குடுத்துடு. படகு அநாதையா மக்கறத அண்ணன் பாத்தா அழுவாரு.”

சரி என்றேன். அவன் கேட்டது நியாயம்.

மெக்கானிக் யாரும் வரவில்லை. உன் தம்பியைப் பகைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. விளக்கப் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருந்தது. நூலகராக அது எனக்கு ஒரு அவமானம். ஆனால் நீ எனக்கு வேறொரு பாடத்தை வருஷக்கணக்கில் சத்தமாக நடத்தியிருந்தாய். என்ஜினுக்குள் தலையை விட்டால் ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லிப் பட்டம் கட்டித் திட்டிக்கொண்டே போவாய். அடைத்துக்கொண்ட டீசல் வடிகட்டி கஸ்மாலம். வேலைக்குச் சோம்பும் பம்பு சோமாரி. உள்ளே ரகசியமாகக் காற்றை ஒளித்து வைத்திருக்கும் குழாய் பேமானி. எப்போதும் இதே வரிசை. மேலே உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்த என் காதில் அது மந்திரம் மாதிரி ஏறியிருந்தது. ஆடி முழுக்க அந்த வரிசையில் பிரித்தேன், கழுவினேன், பூட்டினேன். கை தயங்கும்போது வாய்விட்டுச் சொன்னேன். நூலகத்தில் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை மாட்டிய அதே வாய்.

ஆவணியில் விடுதிக்காரர் வந்தார். துறையில் கூட்டம் கூடியது. முதல் முயற்சியில் இருமியது, அணைந்தது. உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஜெயித்ததில் அவனுக்குச் சந்தோஷமே இல்லை. நான் மறுபடி உள்ளே இறங்கினேன். பேமானி இன்னும் காற்று வைத்திருந்தான். திருகாணியை இளக்கி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு, இறுக்கி, அவனுக்குச் சேர வேண்டியதை உரக்கச் சொல்லிவிட்டு மேலே வந்து சாவியைத் திருப்பினேன்.

என்ஜின் எழுந்தது. விடுதிக்காரர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

உன் தம்பி வாக்கு தவறவில்லை, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டான். பிறகு, “ஸ்டார்ட் ஆச்சி. ஒத்துக்கறேன். கூட யாரு வருவா? ஒரு ஆம்பளயும் ஏற மாட்டான் அண்ணி” என்றான்.

அது உண்மை. கூட்டத்தில் எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

அப்போதுதான் அவன் மனைவி கன்னியம்மா, மார்க்கெட்டிலிருந்து நேராக வந்து நின்றவள், தலையிலிருந்த மீன் கூடையை இறக்கி அவன் கையில் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து படகுகளிலிருந்து இறங்கும் மீனை விற்றவள், ஒரு படகிலும் ஏறாதவள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ‘சும்மா’வில் கால் வைத்தாள்.

“இன்னாடி பண்ற? எறங்கு. பொம்பள ஏறக்கூடாது.”

“ஏற்கெனவே ஒருத்தி கீறாளே. இன்னொருத்தி ஏறினா இன்னா, மீனு ரெண்டு வாட்டி ஓடுமா?” என்றாள். பிறகு என்னிடம், “கயித்த அவுருக்கா. யோசிச்சா எறங்கிடுவேன்” என்றாள்.

அவிழ்த்தேன்.

துறைமுக வாய் தாண்டியதும் அலை தூக்கியது. கன்னியம்மா வாந்தி எடுத்தாள், வாயைக் கழுவினாள், மறுபடி எடுத்தாள். திரும்பலாமா என்று கேட்டதற்கு, “அவன் பாத்துகினு கீறான். போ” என்றாள். என்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றினேன். சத்தம் அடங்கி, படகு ஒருக்களித்து, தானாகப் போக ஆரம்பித்தபோது அவளுக்கு வாந்தியும் நின்றது. முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். மேற்கே ராயபுரம், கிரேன்கள், எண்ணூர்ப் புகைபோக்கிகள், எல்லாம் ஒரே கோட்டில்.

“அது நம்ம ஊராக்கா?”

“ஆமா.”

“இம்மாம் சின்னதா?” விரலை நீட்டி அளந்து பார்த்தாள். “இதுக்குள்ளயா இத்தினி வருஷம் அட்ச்சிகினு கெடந்தோம்?”

திரும்பி வரும்போது அலைதடுப்புக் கல் முனையில் ஒரு ஆள் நின்றிருந்தான். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு கையில் கூடையோடு. உன் தம்பிதான். பாவமாக இருந்தது. சீக்கிரம் போய்விடலாம் என்று என்ஜினைப் போடப் போனேன்.

கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நிக்கட்டும்க்கா. நான் நின்ன எடந்தான் அது.”

பாயிலேயே மெதுவாக வந்தோம்.

தை பிறந்ததும் கிளம்புகிறோம். கன்னியம்மா மார்க்கெட்டில் தன் இடத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டாள். உன் தம்பி இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று சாயங்காலம் வந்து, புதுக் கயிறு ஒரு சுருள் வைத்துவிட்டு, எதற்கென்று சொல்லாமல் போனான். பயமா என்று கேட்டால், ஆமாம். நீ இல்லாத கடலை நான் இன்னும் பார்க்கவில்லை. பயத்தோடு போகிறேன், அவ்வளவுதான்.

என் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக ஏறிவிட்டது. எலுமிச்சம்பழம், துணி சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். கல்யாணத்தன்று உன் கையைப் பிடித்தபோது உன் நகத்தில் இருந்ததும் இதே கறுப்புதான். எனக்கு அப்போது அருவருப்பாக இருந்தது, நீ கையை உள்ளே மடக்கிக்கொண்டாய். தேய்ப்பதை இன்று காலையோடு நிறுத்திவிட்டேன். நான் கையை மடக்கப்போவதில்லை.